கோப்பையில் யார் பெயர்?

மாட்டுங்கா பாகீரதிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். 1946-இல் அந்தக் கோபத்துக்கு நல்ல தீனியும் கிடைத்தது. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை. மானேஜர் ஸ்மித் துரை அவளை வாய் நிறைய ‘மிஸ் ஜகந்நாதன்’ என்றுதான் கூப்பிடுவார். ஜகந்நாதன் அவளைப் பெற்ற அப்பா. ஒவ்வொரு தடவையும், அப்பாதான் வந்துவிட்டாரோ என்று அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்ப்பாள்.

அப்பா வந்தால்தானே! ரயில்வே குமாஸ்தாவான அவர், “பொண்ணு சம்பாத்யத்துல சாப்பிடணும்னு எனக்கென்ன தலையெழுத்து?” என்று குதித்தவர். மகள் வேலைக்குப் போவதைப் பற்றி தான் வாராவாரம் போகும் பஜனை மண்டலியில் மூச்சுகூட விட்டதில்லை.

அந்த வருஷம் கம்பெனி நடத்திய டைப்பிங் போட்டியில் பாகீரதி எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். பரிசு, ஒரு வெள்ளிக் கோப்பை. ஆனால் கம்பெனி வழக்கப்படி அதில் குடும்பப் பெயரை மட்டும்தான் பொறிப்பார்கள். விரல் நோகத் தட்டியவள் இவள், பெயர் மட்டும் அப்பாவுக்கா?

பக்கத்து மேஜை மிஸ் ஷ்னைடரிடம் கொட்டித் தீர்த்தாள். ஹிட்லரிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த யூதப் பெண் அவள்.

“ஷ்னைடர் என்றால் தையற்காரர். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது” என்று அவள் சிரித்தாள். “ஒரு காலத்தில் எங்களில் பலருக்கும் உன்னைப் போல அப்பா பெயர்தான். நிரந்தரமாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் நாட்டுச் சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். எங்கள் முப்பாட்டனார் தைத்துக்கொண்டிருந்தார். அதுவே ஒட்டிக்கொண்டது.”

பாகீரதி நேரே துரையின் அறைக்குள் போனாள்.

“ஸ்மித் என்றால் கொல்லர். அந்தப் பெயர் உங்கள் குடும்பம் முழுவதற்கும் சொந்தம். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஜகந்நாதன் என்பது ஒரே ஒரு ஆள், மாட்டுங்காவில் இருக்கிறார். கோப்பையில் என் பெயர்தான் வேண்டும்.”

“வழக்கத்தை மாற்ற முடியாது, மிஸ் ஜகந்நாதன்” என்றார் துரை.

ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். அம்மா விடாப்பிடியாக அப்பாவை இழுத்து வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். துரை கோப்பையைத் தூக்கிப் பிடித்து, அதில் இனி பொறிக்கப்போகும் பெயரையே சொல்லி, “இந்த வருஷம் வென்றவர், ஜகந்நாதன்!” என்று முழங்கினார்.

ஆபீஸில் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றே பழகிய மனிதர் ஜகந்நாதன். எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்கே போய் நின்றார்.

“நீங்கள் யார்?” என்று துரை விழித்தார்.

“ஜகந்நாதன்.”

மண்டபமே சிரித்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. முகம் சிவந்துபோனது. கோப்பையைப் பார்த்தார். முன்வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். ஓடி ஒளிந்திருக்கலாம், ஒளியவில்லை.

“ஐயா, எனக்கு டைப் அடிக்கவே தெரியாது. ஜெயித்தவள் என் பெண். அவள் பெயர் பாகீரதி” என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னார். பிறகு தமிழில், “ஏன்டி உக்காந்துண்டிருக்கே? வா, வந்து வாங்கிக்கோ!” என்றார்.

ஷ்னைடர் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாள். துரைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோப்பையில் ‘பாகீரதி’ என்றே பொறிக்கச் சொன்னார். பாகீரதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த வாரம் பஜனை மண்டலிக்குப் புதிதாக வந்த ஒருவர், “நீங்க யாருன்னு தெரியலையே?” என்றார்.

“நான் பாகீரதியோட அப்பா” என்றார் ஜகந்நாதன்.