மார்லிஸின் விமானக் கொட்டகை

எங்கள் ஊரில் ஒருவர் தன் வீட்டைவிடப் பெரிதாக ஒரு கார் ஷெட் கட்டினால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, பெரிய படகு வாங்கியிருப்பார். இல்லாவிட்டால் மூளை கலங்கியிருக்கும். மார்லிஸ் டோலஃப்சன் படகு எதுவும் வாங்கவில்லை. ஆகவே அந்த வசந்தத்தில் ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

நான் ஊர் மரக்கடையில் கல்லாவில் நிற்கிறவள். யார் வீட்டில் எந்தச் சுவர் எழும்புகிறது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் பாதிரியாருக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிடும். மார்லிஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது அதே பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஓட்டுகிறாள். கண்ணாடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் கடைசி வரிசை வரை பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரம் அவள் கடைக்கு வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தாள்.

"இதுக்கு எவ்ளோ மரம் வேணும்னு பாத்துச் சொல்லு லவோன்."

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். "ஏண்டி, இதுக்குள்ள எத நிறுத்தப் போற? பஸ்ஸையா?"

"எங்க வேன."

"எத்தன வேன் வச்சிருக்க?"

"ஒண்ணுதான். சிரிக்காம கேளு." கடையில் வேறு யாரும் இல்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, படத்தில் சுவரை ஒட்டி நீளமாகப் போன ஒரு பட்டையின் மேல் விரலை வைத்தாள். "இது சரிவு. சமையல்கட்டுக் கதவுலேர்ந்து ஷெட்டுத் தரை வரைக்கும். ஒரு அங்குலம் எறங்கணும்னா ஒரு அடி நீளம் விடணும். எங்க வீடு எவ்ளோ ஒசரத்துல நிக்குதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவ்வளவு நீளமான சரிவை உள்ளே அடக்க வேண்டுமென்றால் ஷெட் அவ்வளவு பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுடைய புருஷன் வெர்லின் படகு மோட்டார், பனி தள்ளும் மெஷின், மர ரம்பம் என்று எது நின்றுபோனாலும் ஓட வைக்கிறவன். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் அவனே நின்றுபோனான். பக்கவாதம். இடது கை, இடது கால் போயின. பேச்சு உடைந்து உடைந்து வந்தது. சர்ச் ஆட்கள் வாசலில் பலகையடித்து ஒரு சரிவு போட்டுக் கொடுத்தார்கள். கோடையாக இருந்தால் அது போதும். குளிர்காலம் வந்ததும் அதன்மேல் பனி உறைந்து கண்ணாடியாகிவிட்டது. டிசம்பரில் ஒருநாள் சக்கர நாற்காலியும் வெர்லினும் மார்லிஸும் ஒன்றாக வழுக்கிப் பனிக்குவியலுக்குள் போய் விழுந்தார்கள். விழுந்த இடத்தில் வெர்லின் சிரித்தான் என்று மார்லிஸ் சொன்னாள். வீட்டுக்குள் போன பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வெளியே வரச் சம்மதிக்கவே இல்லை. சமையல்கட்டு ஜன்னலருகே உட்கார்ந்து சாலையைப் பார்த்தபடி இருந்தான்.

அதுகூடப் பரவாயில்லை. அவனைப் பார்க்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். முதல் மாதம் ஹாட்டிஷ் என்று நாங்கள் அடுப்பில் சுட்டெடுக்கும் கறித் தட்டுகளோடு வந்தார்கள். உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் இடமில்லாமல் அடைந்து கிடந்தன. அப்புறம் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் ஊர் ஆண்களை எனக்குத் தெரியும். கெட்டவர்கள் இல்லை, முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவர்கள். நடுவில் ஒரு எஞ்சின் இருக்க வேண்டும். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே மகள் கல்யாணத்திலிருந்து மனைவியின் புற்றுநோய் வரை எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அதே ஆளை வீட்டுக்குள் அழைத்துப் பூட்ஸைக் கழற்ற வைத்து, காலுறையோடு மேசை முன்னால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் பாருங்கள். செத்த மீன் மாதிரி உட்கார்ந்திருப்பான். வெர்லினின் பழைய ஷெட் வீட்டைவிட்டுத் தள்ளி, சாய்ந்து, பூட்டிக் கிடந்தது.

"வெர்லினுக்குத் தெரியுமாடி?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா, எனக்காக ஒண்ணும் மெனக்கெடாதேம்பான். புதுப் படகு வாங்கப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வாயத் தொறந்த, பஸ்ஸ உன்மேல ஏத்திருவேன். வர்ற குளிர்காலத்துல அவன் பனியில கால் படாம வேன்ல ஏறணும். அவ்ளோதான் எனக்கு."

என் வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அந்த வருஷம் முழுக்க அதைக் கட்டி வைத்திருந்தேன். எனக்கு அதற்கு ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே தோண்டி அஸ்திவாரம் போட்டார்கள். ஜூலையில் தரையும் சரிவும் கான்கிரீட்டில் வார்த்தாயிற்று. பக்கத்து ஊர்த் தச்சர் ஒருவர் சுவர்ச் சட்டங்களை நிறுத்தினார். மார்லிஸ் பஸ் ஓட்டாத நேரமெல்லாம் அவரோடு நின்று ஆணியடித்தாள். ஷெட் வளர வளர ஊர்ப் பேச்சும் வளர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதிலும் கேலன் ஹாஸ்டாட் இருக்கிறானே, பக்கத்துப் பண்ணைக்காரன், வெர்லினோடு சின்ன வயதிலிருந்து மீன் பிடிக்கப் போனவன், அவன் வாய்க்கு ஓய்வே இல்லை. ஒருநாள் கடையில் பத்துப் பேர் முன்னால் ஆரம்பித்தான்.

"மார்லிஸ், விமானம் ஓட்டக் கத்துக்கறியாமே? கொட்டகை ரெடி ஆயிருச்சு போல."

"ஆமாடா. மொதல்ல உன் வீட்டுக் கூரை மேலதான் எறக்கிப் பாக்கப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே போகும்போது கேலன் தொப்பியைத் திருகிக்கொண்டு, "கை வேணும்னா சொல்லு" என்றான். "வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். ஆகஸ்டில் ஒருநாள் வண்டியை நிறுத்தி மறுபடியும் கேட்டான். மறுபடியும் வேண்டாம் என்றாள். இரண்டையும் அன்றன்று ராத்திரியே வெர்லினிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊரில் முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்பது வழக்கத்துக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜம். அப்போதுதான் 'சரி' என்று சொல்லலாம். முன்னாலேயே சரி என்கிறவள் பறக்காவெட்டி. கேலன் இரண்டு தடவை கேட்டுவிட்டு நின்றுவிட்டான். அவனுக்கு அந்த வீட்டுப் பக்கம் வரவே கூச்சம், நண்பனை அப்படிப் பார்க்கப் பயம். மார்லிஸோ மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடுவில் அக்டோபர் வந்துவிட்டது.

அக்டோபரில் தச்சர் பெரிய வேலை ஒன்று கிடைத்து நகரத்துக்குப் போய்விட்டார். முக்கோண முக்கோணமாய் அடித்து வந்த கூரைச் சட்டங்கள் புல்லில் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் தூக்கிச் சுவர்மேல் வைக்க ஏழெட்டு ஆள் வேண்டும். காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிய ஆரம்பித்திருந்தது. கூரை ஏறாவிட்டால் பனி ஷெட்டுக்குள்ளேயே விழும், வெர்லின் இன்னொரு குளிர்காலம் ஜன்னலுக்குள்ளேயே இருப்பான்.

"வாய விட்டுக் கேளுடி" என்று நான் சண்டை போட்டேன். "நாலு பேருக்கு நான் ஃபோன் பண்றேன்."

"பண்ணின, உன்னோட பேச மாட்டேன். நான் யார்கிட்டயும் போயி நிக்க மாட்டேன் லவோன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அந்தச் சட்டத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பேன். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் மத்தியானம். நானும் அவளும் அந்தச் சட்டங்கள்மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தோம். சாலையில் கேலனின் வண்டி வந்தது. வீட்டருகே வந்ததும் மெதுவாயிற்று. அவன் சட்டங்களைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், எங்கள் ஊர் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எங்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போகப் பார்த்தான். அப்போது தடாலென்று சமையல்கட்டு ஜன்னல் திறந்தது.

பக்கவாதம் வெர்லினிடமிருந்து நல்ல சொற்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டது. வசைச் சொற்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. 'உப்பு' என்று சொல்ல அவனுக்கு அரை நிமிஷம் ஆகும். வசை மட்டும் முழுசாக வரும்.

"டேய் கழுதை!" என்று அவன் கத்தியதில் வேலிக்கம்பத்தில் இருந்த காக்கை பறந்துவிட்டது. "மடப்பயலே! மூணாவது... மூணாவது தடவ... கேளுடா!"

வண்டி நின்றது. கேலன் இறங்கினான். அவன் முகம் பீட்ரூட் மாதிரி ஆகியிருந்தது. ஜன்னலைப் பார்த்தான், ஒரு வருஷமாகப் பார்க்காத முகம். பிறகு தொப்பியை எடுத்துவிட்டு மார்லிஸ் பக்கம் திரும்பினான்.

"கை வேணுமா மார்லிஸ்?"

அவள் தார்ப்பாயின் முனையை அவன் பக்கம் நீட்டினாள். "உனக்கு வேற வேல இல்லன்னா வந்து தொலை."

சனிக்கிழமை காலை பார்த்தால் வீட்டைச் சுற்றி வண்டிகள். கேலன் யார் யாரிடம் சொன்னானோ, ஏணியும் கயிறுமாக வந்து இறங்கினார்கள். பெண்கள் ஹாட்டிஷும் காப்பிக் குடுவைகளுமாக வந்தார்கள். மார்லிஸ் வீட்டுக்குள் போய், சமையல்கட்டிலிருந்து ஷெட்டுக்குள் திறக்கும் புதுக் கதவைத் திறந்துவிட்டாள். வாசற்படியில் சக்கர நாற்காலி வந்து நின்றது. வெர்லின் அப்போதுதான் கீழே பார்த்தான். அவன் காலடியிலிருந்து சுவரை ஒட்டி வழவழவென்று, அவசரமே இல்லாமல் இறங்கிப் போகிற சரிவு.

வேலை நின்றது. எல்லோரும் அந்தச் சரிவைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள். விமானக் கொட்டகை ஏன் அவ்வளவு பெரிது என்று ஊருக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

"படகுக்கு..." என்றான் வெர்லின் மெதுவாக. "சரிவா?"

"படகு வழுக்கிக்கிட்டு எறங்கட்டுமேன்னுதான்" என்றாள் மார்லிஸ்.

"பொய்க்காரி. கதவு... அகலமா... வந்தப்பவே... தெரியும்."

கோடையிலேயே தெரிந்திருக்கிறது அவனுக்கு. புதுக் கதவு வந்த அன்று, அது நாற்காலி அளவுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். நான் ஒருத்திதான் வீணாக வாயைக் கட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டேன்.

கேலன்தான் முதலில் பேசினான். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கறீங்க? தூக்குங்கடா!" தூக்கினார்கள். வெர்லின் மேலே இருந்து வலது கையால் ஆணையிட்டான். கோணலாக வைத்தவனைக் கழுதை என்றான், நேராக வைத்தவனையும் ஒரு பேச்சுக்குக் கழுதை என்றான். சாயங்காலத்துக்குள் எல்லாச் சட்டங்களும் ஏறி நின்றன. அடுத்த வாரம் கூரைத் தகடும் ஏறிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் பனி விழுந்தது.

நவம்பரில் சர்ச் மீன் விருந்து. சாம்பல்நீரில் ஊறிய அந்த மீனை வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்பார்கள். நாங்கள் வருஷம் முழுக்க அதற்காகக் காத்திருப்போம். வெர்லின் அந்த விருந்தைப் போன வருஷம் தவறவிட்டிருந்தான். நாற்காலி ஓடிவிட்டால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மார்லிஸ் என்னை மத்தியானமே வரச் சொல்லியிருந்தாள். வெளியே முழங்கால் அளவுப் பனி. ஷெட்டுக்குள் சூடாக்கி ஓடிக்கொண்டிருந்தது, வேன் தயாராக நின்றது.

என்னைத் தொடாதே என்பதுபோல் வெர்லின் கையை ஆட்டினான். வலது கையால் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டு, வலது காலைத் தரையில் ஊன்றி ஊன்றித் தானே இறங்கினான். காலில் வீட்டுச் செருப்புதான். கீழே போய்ச் சேர்ந்ததும் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தான். எனக்குக் கண்ணீர் வந்தது, நான் ஒன்றும் மறைக்கவில்லை. மார்லிஸ் பஸ் கண்ணாடிப் பார்வையை வைத்துக்கொள்ள முயன்று தோற்றுப்போனாள்.

அவன் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினான். பெரிய கதவு மேலே போயிற்று. மார்லிஸ் வேன் சாவியை எடுத்தாள்.

ஷெட் கதவு திறந்திருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். ஃபோன் பண்ண வேண்டாம், மணியடிக்க வேண்டாம், பூட்ஸைக் கழற்ற வேண்டாம், வா. சாவியை அவள் திருகுவதற்குள் கேலனின் வண்டி உள்ளே திரும்பியது. பின்பக்கத்தில் ஒரு பனி தள்ளும் மெஷின்.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுடா" என்றான், 'எப்படி இருக்கே' என்றுகூடக் கேட்காமல்.

"பெட்ரோல்... பழசு" என்றான் வெர்லின். "முட்டாள். எறக்கு."

அவர்கள் குனிந்து அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வண்டி வந்தது, அப்புறம் இன்னொன்று. விருந்துக்குப் போகிற வழியில் கதவைப் பார்த்தவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். கடைசியில் பந்தி பாதி முடிந்த பிறகு, பெட்ரோல் வாசனையோடு எல்லோரும் ஒன்றாகச் சர்ச்சுக்குள் நுழைந்தோம். முன்னால் வெர்லினின் நாற்காலி, அதைத் தள்ளிக்கொண்டு கேலன். வெர்லின் மூன்று தட்டு மீன் சாப்பிட்டான். 'இன்னும் வேணுமா' என்று அவனிடம் யாரும் ஒரு தடவைக்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் தினமும் அதே கதைதான். ஜனவரியின் கொடுங்குளிரில் ஒருநாள் நான் போனபோது, வேன் வெளியே பனிக்குள் நின்றது. மார்லிஸ் அதன் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டே ஏதோ பாட்டு முனகினாள். உள்ளே போனால் வேனை நிறுத்தவேண்டிய இடத்தில் மூன்று மெஷின்கள், பிரித்துப் போட்ட ஒரு மோட்டார், கவிழ்த்த வாளிகள்மேல் ஆண்கள். சரிவில்கூட ஒருவன் சாய்ந்துகொண்டு சீட்டு விளையாடினான். நடுவில் வெர்லின், கைநிறைய எண்ணெய்ப் பிசுக்கு. கேலன் ஏரியில் பனிக்கட்டியைத் துளைக்கும் தன் துரப்பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை வைக்க இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏன் மார்லிஸ்," என்றான் சலிப்போடு, "கட்டுனதுதான் கட்டுன, கொஞ்சம் பெருசாக் கட்டியிருக்கக் கூடாதா?"

மறுநாள் காலை நான் கடையைத் திறந்ததும் முதல் ஆளாக மார்லிஸ் வந்து நின்றாள். கையில் சர்ச் தாள். பின்பக்கத்தில் ஒரு சின்னப் படம்.

"இதுக்கு எவ்ளோ மரம் வேணும்னு பாத்துச் சொல்லு லவோன்."

"இது எதுக்குடி?"

"வேனுக்கு."