மயானத்திலிருந்து வந்த பாண்டு

எங்கள் மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாயாக முடிவு கட்டியது, அப்பிச்சியை எரித்துவிட்டு வந்த அன்று மத்தியானம்தான். அதற்கு முன்பும் அவர்மேல் அந்தச் சந்தேகம் இருந்தது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் ஆயிற்றே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊட்டியில் சரித்திரம் நடத்தினார். அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் அம்மா, எங்கள் அம்மிச்சி, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். குன்னூரில் சரிவில் இருந்த அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் குடியிருந்த அம்மா இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அப்பிச்சி வீட்டுக்குத்தான் போவேன்.

சாயங்காலம் மாமா ரேடியோவைத் திருகித் திருகி ஏதோ ஒரு தூர தேசத்து நிலையத்தைப் பிடிப்பார். இரைச்சலுக்கு நடுவே ஜாஸ் வரும். எனக்கு அது பாட்டாகவே படவில்லை. ஒருவர் ஊதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே புகுந்து ஊதுவார். கல்யாண வீட்டில் எங்கள் அத்தைமார் பேசிக்கொள்வதைப்போல யாரும் யாரையும் முடிக்க விடமாட்டார்கள். அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். "அந்தக் கருமத்த நிறுத்தித் தொலைடா தம்பி. தலையை வலிக்குது." அப்பிச்சி மட்டும் கட்டிலில் இருந்தபடி, "ஓடட்டும் உடு அம்மிணி" என்பார்.

அந்த இசையை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கவேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். அதைக் கேட்ட பெரிய பேராசிரியர் ஒருவர், ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு உருளைக்கிழங்கு வந்த சரித்திரத்தை எழுதினால் ஆகாதா என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். மாமா மசியவில்லை. மெட்ராஸிலிருந்து தடித்தடியாகப் புத்தகங்களை வரவழைத்தார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் அப்பிச்சி. மார்ச்சளி முற்றி எழுந்து நடமாட முடியாமல் கிடந்ததால் அவராலும் தப்பித்து ஓட முடியவில்லை.

அப்படி ஒரு நாள் மாமா சொன்ன கதை இது. ஜாஸ் பிறந்த ஊரில் யாராவது இறந்துவிட்டால் பாண்டு வைத்து எடுத்துப் போவார்களாம். போகும்போது அழுகைப் பாட்டு, மெதுவான நடை. புதைத்துவிட்டுத் திரும்பும்போது அதே பாண்டு துள்ளாட்டப் பாட்டை எடுக்குமாம். கூட வந்தவர்கள் ஆடிக்கொண்டே வீடு திரும்புவார்களாம்.

"சீ, அதென்ன பழக்கம்!" என்றாள் அடுக்களையில் இருந்த அம்மா.

"அடிமையா இருந்த சனங்கக்கா. செத்தாத்தான் விடுதலைன்னு இருந்திருக்காங்க. ஒருத்தனுக்கு விடுதலை கெடச்சா மத்தவங்க சந்தோசப்பட மாட்டாங்களா?"

அப்பிச்சி இருமிக்கொண்டே சிரித்தார். "நானுந்தான் காலம் பூரா பேக்டரிச் சங்குக்குப் பயந்து ஓடியிருக்கறேன். எனக்கும் அப்படியே பண்ணிப்போடு சாமி. போறப்ப அழுவுங்க. வர்றப்ப யாரும் அழுவ வேண்டாம்."

அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பிச்சி போய்விட்டார். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலை, அப்பிச்சியின் தம்பியான சின்ன அப்பிச்சி. ஆறடி உயரம், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அவர் ஒரு வீட்டில் கை நனைத்தால்தான் மற்றவர்கள் நனைப்பார்கள். அவர் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஓர் ஆள் வரமாட்டான்.

குன்னூர்க் கடைவீதியிலிருந்து பாண்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாவுகளில் பாண்டு என்றால் போகும்போது சினிமாப் பாட்டுகளை அடித்து நொறுக்குவார்கள். பிணத்துக்கு முன்னால் நாலு பேர் ஆடவும் செய்வார்கள். மயானம் வந்ததும் வாத்தியங்கள் உறைக்குள் போய்விடும். அதன்பிறகு மூச்சுப் பேச்சில்லாமல், திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேரவேண்டும். அது மாற்ற முடியாத முறை. சற்று மேலே இருந்த படுகர் ஊர்களிலும் ஆட்டம் பாட்டத்தோடுதான் வழியனுப்புவார்கள். ஆனால் அதுவும் அனுப்பும்போதுதான்.

அன்றைக்குப் போகும்போதே பாண்டு இழுத்து இழுத்து ஊதியது. மாதா கோயிலில் கேட்கிற மாதிரி ஒரு சோகம். "என்னப்பா இது, தூங்கி வழியறானுங்க" என்று ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பாடையோடு ஆண்கள் சரிவில் இறங்கி மறைந்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, அப்பிச்சியைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். எரித்துவிட்டு வருகிறவர்கள் வாசலில் கால் கழுவி, உள்ளே வந்து அந்த விளக்கைப் பார்க்கவேண்டும். கொள்ளி வைத்த மகனுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்ற அம்மா செம்போடு வாசலில் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

முதலில் டிரம். பிறகு கிளாரினெட் ஒன்று கிச்சுக்கிச்சு மூட்டப்பட்டதைப்போலச் சிரித்துக்கொண்டு மேலே ஏறியது. ட்ரம்பெட் குறுக்கே புகுந்தது. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தாள். "வேற யாரூட்டுலயோ கல்யாணம் போலிருக்குது" என்றாள் இன்னொருத்தி. எனக்கு உடம்பெல்லாம் ஜில்லிட்டது. அது ரேடியோவுக்குள் இருந்து வரவேண்டிய சத்தம். அது எப்படி மயானத்துக்குப் போய், எழுந்து, வீட்டைத் தேடி நடந்து வருகிறது? அப்பிச்சிதான் திரும்பி வருகிறார் என்று ஒரு நிமிஷம் சத்தியமாக நம்பினேன். பயத்தில் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆனால் என் கால் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து நறுக்கென்று கிள்ளினாள்.

மயானத்தில் நடந்ததை, கூடப் போயிருந்த என் அப்பா பிறகு சொன்னார். திரும்பும்போதும் ஊதவேண்டும் என்று மாமா கேட்டதும் பாண்டு மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டாராம். "கிளப்புல வேணா எத்தன ஆட்டத்துக்கும் ஊதறனுங்க. பொணத்த எரிச்சுப்போட்டு ஊதுனா நாளைக்கு எங்கள யாரு கூப்புடுவாங்க?" என்றாராம். மாமா அவர் காலிலேயே விழப் போயிருக்கிறார்.

மேகத்துக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை, ஈர வேட்டி, குளிரில் உதறும் உடம்பு. கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர். அது மாமா. அவருக்குப் பின்னால் பாண்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு, திருடப் போகிறவர்கள்போல, ஆனால் ஆனந்தமாக ஊதிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் பின்னால் வாயடைத்துப்போன எங்கள் சொந்தக்காரர்கள்.

வழியில் பேசக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்த சின்ன அப்பிச்சி, வாசலை எட்டியதும் முன்னால் பாய்ந்து வந்து, "நிறுத்துங்கடா!" என்று போட்ட சத்தத்தில் பாட்டு நடுவிலேயே அறுந்தது.

"அப்பன எரிச்ச நெருப்பு அவியல, அதுக்குள்ள கூத்தடிக்கறயா? யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"அப்பாதானுங்க கேட்டாரு" என்றார் மாமா.

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். "செத்தவம்மேலயே பழி போடறயா?" என்று சின்ன அப்பிச்சி கத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மிணி, இவன உள்ள உடாத. இந்த ஊட்டுல இனி எங்க சனம் ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம். கருமாதி, கல்யாணம் எதுக்கும் இவனுக்கு ஆள் கெடையாது. வாங்கடா போலாம்."

ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். மாமா வாசலில் ஈரத்தோடு நின்றார். அம்மா செம்பைக் கீழே வைத்தாள். இரண்டெட்டு வைத்துப் போய், மாமாவின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

நான் அலறிவிட்டேன். அம்மா என்னை அடிப்பாள், அது தினப்படி. மாமாமேல் அவள் கை பட்டு நான் பார்த்ததே இல்லை. தாயில்லாமல் போனபிறகு அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்.

"புத்தியிருக்குதாடா உனக்கு? படிச்சா மட்டும் போதுமா? மானத்த வாங்கிட்டயேடா!" மறு கன்னத்திலும் ஒன்று விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது சின்ன அப்பிச்சியே குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு அம்மிணி, உடு. கொள்ளி வெச்சவன அடிக்காத. சின்னப் பையன், தெரியாமப் பண்ணிப்போட்டான்" என்றார். அவர் குரலில் இருந்த சூடு எங்கே போனது என்றே தெரியவில்லை. தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வந்தது. நகர்ந்தவர்கள் நின்றார்கள்.

அம்மா செம்பை எடுத்துக் குனிந்து மாமாவின் காலில் தண்ணீர் ஊற்றினாள். சேலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவள் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்பன் கேட்டதச் செஞ்சுபோட்ட. போதும், உள்ள போ." பிறகு சேலைத் தலைப்பால் அவருடைய மொட்டைத் தலையைத் துவட்டிவிட்டாள். அடித்த அதே கையால் துவட்டினாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கருமாதியைச் சின்ன அப்பிச்சிதான் முன்னால் நின்று நடத்திவைத்தார். எல்லாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போனபிறகு ஒரு சாயங்காலம் மாமா ரேடியோவை வைத்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலைவலி என்று கத்தவில்லை.

"மாமாவ ஏம்மா அடிச்ச?" என்று கேட்டேன்.

"நான் அடிக்கலீன்னா அவிங்க அடிச்சிருப்பாங்க கண்ணு."

நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். சின்ன அப்பிச்சியின் கையை நினைத்துப் பார்த்தேன். அது இதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். அம்மா அடித்ததே நல்லது, மாமாவுக்கு வலி கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று தோன்றியது. நிம்மதியாக விளையாடப் போய்விட்டேன்.