இரைச்சலுக்கு முகம் காட்டிய சட்டம்

அன்னப்பூரணியின் புருஷன் வினாயகமூர்த்திக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. வானொலிப் பைத்தியம் மட்டும் இருந்தது. மட்டக்களப்பு நாவலடியில் மீன்பிடித்து வந்த மனுஷன், பொழுதுபட்டால் செம்புக்கம்பி சுற்றிய மரச்சட்டம் ஒன்றைத் திருப்பித் திருப்பி, விமானங்களுக்கு வழிகாட்டும் கூவல்களை நெட்டலை வரிசையில் தேடுவார். பாட்டுமில்லை, செய்தியுமில்லை. வெறும் கீச்சு.

“அந்தக் கீச்சைக் கேட்டா உலை கொதிக்குமோ?” என்று ஏசுவாள்.

“இரவைக்குத்தான் புள்ள தூரத்துச் சத்தம் வரும். மின்னல் இரைச்சலும் கூடவே வரும். இரைச்சல் வாற பக்கம் சட்டத்தின்ர முகத்தைக் காட்டினா அது அடங்கிப்போகும்.”

அதில் பாதியைத்தான் அவள் காதில் வாங்கினாள். அம்மியில் அவளுக்கு வேலை கிடந்தது.

சுனாமி அவரையும் வீட்டையும் கொண்டுபோனது. மகன் ரதீஸ் அப்போது ஊரில் இல்லை. முந்தின வருஷமே போராளி இயக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. வன்னியில் நிற்கிறான் என்று ஒரு தரம் யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். அன்னப்பூரணி பழுகாமத்தில் தங்கச்சி கேதீஸ்வரியின் வீட்டில் வந்து ஒதுங்கினாள். சமையலும் ஆட்டுப்பட்டியும் அவள் பொறுப்பு. அழுகையை யாரும் கண்டதில்லை.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. தப்பி வந்த சனத்தை முகாம்களில் வைத்தார்கள். கடலுக்கு அப்பாலிருந்த ஒரு வானொலி, முகாமில் யார் இருக்கிறார், யாரைத் தேடுகிறார் என்று இரவில் பெயர் வாசித்தது. ஆனால் அந்த மாத மின்னல் சும்மா விடுமா? பெயர் தொடங்கும், ஊர் வருமுன் தாளிக்கிற சட்டி போல வெடித்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஒருநாள் நாவலடி என்று ஊர்ப்பெயர் மட்டும் தப்பி வந்தது. யார் என்று தெரியவில்லை. சனிக்கிழமை திரும்ப வாசிப்பார்கள். அதையும் விட்டால் பிறகு இல்லை.

காத்தான்குடியில் றேடியோ திருத்தும் பதியுதீனிடம் போனாள். புருஷனின் கூட்டாளி. அவளுக்கு அண்ணன் முறை, நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“நானா, அந்த மனுசன் செஞ்ச சட்டம் மாதிரி ஒண்டு எனக்கு வேணும்.”

பதியுதீன் வாசலைப் பார்த்தார். “இந்த நேரத்தில கம்பி சுத்தின சாமானை சோதனைக்கு வாற ஆமி கண்டா என்ன சொல்லுவாய் தங்கச்சி?”

“உடுப்புக் காயப்போடுற சட்டம் எண்டுவன். பகல் முழுக்க அதிலதான் சீலை கிடக்கும்.”

“உன்ட வாய்க்கு ஆமியும் பயப்படும்” என்று சொல்லிக்கொண்டே, கழித்துப்போட்ட மோட்டர் ஒன்றின் கம்பியையும், பழைய றேடியோவில் அலை பிடிக்கத் திருகும் துண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

கேதீஸ்வரியின் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டிய கயிறு இன்னும் வீட்டு வளைமரத்தில் தொங்கியது. மரச்சட்டம் ஒன்று செய்து, கம்பியைச் சுற்றி அதில் மாட்டி, கீழ்க்கட்டையில் றேடியோவைக் கட்டினார்கள். இரண்டும் சேர்ந்து சுழன்றன.

சனிக்கிழமை வாசிப்புத் தொடங்கியது. கேதீஸ்வரி சட்டத்தைத் திருப்பினாள்.

“அக்கா, இந்தப் பக்கம்தான் குரல் பெருசாக் கேக்குது.”

“இரைச்சலும் பெருசாத்தானே புள்ள கேக்குது. விடு.”

குரல் பெருக்கிற பக்கத்துக்கே றேடியோவைத் திருப்பித் திருப்பி இத்தனை இரவும் தோற்றிருந்தார்கள். பாதி காதில் விழுந்த புருஷனின் பேச்சு நினைவுக்கு வர, அன்னப்பூரணி வெளியே பார்த்தாள். வயல் வட்டைக்கு அப்பால், தென்மேற்கு மூலையில் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தின் முகத்தை, கண்ணாடி பிடிப்பது போல, நேரே அதற்குக் காட்டினாள். குரல் கொஞ்சம் மெலிந்தது. ஆனால் வெடிப்பு, அடுப்பில் தண்ணீர் தெளித்தது போல் அடங்கியது. இரைச்சலுக்கு அடியில் கிடந்த ஆள் இப்போதுதான் வாய் திறந்தது போல இருந்தது.

“வினாயகமூர்த்தி ரதீஸ், நாவலடி, மட்டக்களப்பு. தாய் அன்னப்பூரணி. கடல் அடித்த பிறகு பெற்றோரைப் பற்றித் தகவல் இல்லை. இருவரில் எவர் உயிரோடு இருந்தாலும் வவுனியா முகாமுக்கு அறிவிக்கவும்.”

கேதீஸ்வரி குழறி அழுதாள். அன்னப்பூரணி சட்டத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அடுத்தவரின் பெயரும் ஊரும் முழுதாகப் போய் முடியும்வரை அப்படியே நின்றாள்.

“இருவரில் எவர் எண்டுறான்” என்றாள் பிறகு. “இவ்வளவு காலமும் ரெண்டு பேரையும் சாகக் குடுத்தவன் மாதிரி இருந்திரிக்கான்.”

“றேடியோக்குப் போன் பண்ணுவம் அக்கா. நீ இரிக்காய், அத்தான் இல்ல எண்டு சொல்லுவம்.”

“நான் இரிக்கன் எண்டு மட்டும் சொல்லு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மத்ததை ஊருக்கெல்லாம் கேக்க றேடியோ சொல்லவேணாம். நான் போய் அவனுக்குப் பக்கத்தில இருந்து சொல்லுவன்.”