திரைச்சீலையில் மாறிய முகம்

கான்ஸ்டான்டினோபிள் அரண்மனையின் நெசவுக்கூடத்தில் பிறந்தவர்கள் அங்கேயே சாக வேண்டும் என்பது சட்டம். வெளியாள் எங்களைக் கட்டிக்கொண்டால் அவனும் கூடத்துக்குச் சொந்தமாகிவிடுவான். மகதோனியா எனக்குப் பக்கத்துத் தறியில் நெய்பவள். அவள் மகள் கலினிகே, ஸோயிலோஸ் என்ற படகுக்காரனை விரும்பினாள். அவனுக்கும் ஆசைதான்.

"உனக்காகக் கடல்ல குதிக்கிறேன். உங்க கூடத்துக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான்.

கலினிகேயைக் கூடத்திலிருந்து விடுவிக்கப் பேரரசியால்தான் முடியும். தேவாலயத்துக்கு அவர் காணிக்கை தரவிருந்த திரைச்சீலையில் அவர் முகத்தை மகதோனியா நெய்துகொண்டிருந்தாள். அதைப் பார்க்க வந்த பேரரசி மனம் குளிர்ந்து, ஈஸ்டரன்று மகளை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு முன்பே அவர் எருசலேமுக்கு யாத்திரை போனார். யாத்திரை என்பது பேச்சுக்குத்தான், பேரரசர் அவரை ஒதுக்கிவிட்டார், இனி திரும்பமாட்டார் என்பது சமையல்கட்டு வரை தெரிந்திருந்தது. இனி எல்லாம் பேரரசரின் அக்காதான். கண்காணிப்பாளர் ஹெலாதியோஸ் வந்து, கிரீடமும் முத்தும் இருக்கட்டும், முகத்தை மட்டும் பிரித்துவிட்டு அக்காவின் முகத்தை நெய்யச் சொன்னார். முத்து எந்தத் தலைக்கும் பொருந்தும் என்று நாங்கள் கிசுகிசுத்துச் சிரித்தோம். மகதோனியா சிரிக்கவில்லை.

புது முகம் முடிந்ததும் அக்கா வந்தார். வாழ்நாளெல்லாம் கன்னியாகவே இருப்பதாகக் கடவுளுக்கு நேர்ந்துகொண்டவர். அவர் காதில் கல்யாணப் பேச்சு விழவே கூடாது என்று ஹெலாதியோஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

"என்ன வேணும், கேளு."

"என் பொண்ண இந்தக் கூடத்துலேருந்து விட்டுடுங்க, தாயே."

"விட்டா எங்க போவா?"

மகதோனியா ஹெலாதியோஸை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "எங்கயோ ஒரு மூலையில சாமி கும்பிட்டுக்கிட்டு நிம்மதியா இருப்பா, தாயே."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கயோ எதுக்கு? என் கன்னியர் மடத்துலயே இருக்கட்டும். நானே முக்காடு போட்டுவிடுறேன்."

எல்லோரும் தரையில் விழுந்து வணங்கினோம். மகதோனியாவுக்கு மட்டும் எழ நேரம் பிடித்தது. கலினிகே அவளைப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். வாசலுக்கு வந்த ஸோயிலோஸைக் காவலர்கள் விரட்டிவிட்டார்கள்.

அந்த வாரமே மகதோனியாவின் தறிக்குக் கறுப்புக் கம்பளி நூல் வந்தது. கன்னியர் முக்காட்டுக்கு. நீளம் எவ்வளவு என்று சொல்ல ஹெலாதியோஸ் வாயெடுத்தார்.

"அளவு எனக்குத் தெரியும், ஐயா" என்றாள்.