ஓரத்தில் நின்ற கோணம்

தூர்வாரிப் போட்ட வாய்க்கால் சேறு வெயிலில் காய்கிற வாடை... அது வீசினாலே சன்னலைச் சாத்திவிடுகிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன் உங்களிடம். என் தங்கை செல்வியை நான் வடிவியலால் ஏமாற்றினேன்!

கணக்கு வாத்தியார் நான். திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயல் ஒரு முக்கோணம். முனையில் பனைமரம், அங்கிருந்து ஒரே நீளத்தில் இரண்டு வரப்புகள் விரிந்துபோய் வாய்க்காலைத் தொடும். வாய்க்கால் கரைதான் மூன்றாவது பக்கம். அதன் நடுவில் கல் நட்டு, பனைவரை வரப்பு போட்டால் ஆளுக்குப் பாதி. அப்பா சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீர் பாயும் மடை ஒன்றே ஒன்று. கல் சரியான நடுவில் நின்றால் மடை செல்வி பக்கம் போய்விடும்... அவள் பக்கமாக எட்டடி தள்ளி நட்டேன்.

"டேப்பு வச்சு ஒரு தடவ அளந்துடுவோமாண்ணே?" என்றாள். கரை முழுக்கக் காட்டாமணக்குப் புதர்.

"இந்தப் பொதருக்குள்ள டேப்பு எங்கடி நேரா நிக்கும்? அளந்தா தப்பு வரும். நிரூபிச்சா வராது."

தாளை எடுத்தேன். தரவு, நிரூபிக்க வேண்டியது, நிரூபணம்... ஓர வரப்புகள் இரண்டும் சமம். நடுவரப்பு இரண்டு பங்குக்கும் பொது. வாய்க்கால் மூலைக் கோணங்கள் இரண்டும் சமம். எனவே முக்கோணங்கள் சர்வசமம். எனவே கரைத்துண்டுகளும் சமம்!

முதல் 'எனவே'தான் பொய். சமமான கோணம் அந்த இரு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இதுவோ ஓரத்தில் நின்றது. என் மாணவன் எழுதினால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

அவளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். கேலியாக "சரிங்க சார்" என்பாள். "வீட்டுல என்னடி சாரு? அண்ணன்னு சொல்லு" என்று குட்டுவேன். அந்த அண்ணன் எழுதியது என்பதால்தானே...

"நீ போட்டா சரியாத்தான்ணே இருக்கும்." தாளை மடித்துப் பத்திரங்களோடு வைத்துக்கொண்டாள்.

எட்டு வருடம். என் வயல் குடித்து மிஞ்சியதுதான் அவள் வயலுக்கு. இரண்டு குறுவையில் அவள் நாற்று கருகியது. "மேட்டூர்லயே தண்ணி இல்லையேம்மா" என்று ஆறுதல் வேறு சொன்னேன்... என்ன மனிதன் நான்!

இந்தக் கோடையில் தூர்வார வந்த பொக்லைன் புதரை வழித்தெடுத்தது. மொட்டைக் கரையில் செல்வி டேப் பிடித்தாள். எட்டடி நகர்த்தினால் வித்தியாசம் பதினாறு அடி. அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று அந்தத் தாளோடு வந்தாள்.

"நடுவுல இருக்க வேண்டிய கோணம் ஓரத்துல நிக்குதேண்ணே. தெரியாம எழுதிட்டியா? தெரியாமத்தான்னு சொல்லு, நம்புறேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. கடைசிப் பொய்யை விழுங்கியதால் யோக்கியனாகிவிட்டேனா? கல் இன்னும் நான் நட்ட இடத்தில்தானே நிற்கிறது...

தாளை மேசையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் திரும்பி நின்றாள்.

"வர்றேங்க சார்."