விமானத்துக்காகப் பவுடர் பூசிய பிள்ளை

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு மனிதன் ஒட்டப்பட்டிருக்கிறான். முன்பக்கம் ஒரு படம், முதுகுப்பக்கம் ஒரு படம். உடம்பு முழுக்கக் கட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறது. இங்கே யாருக்காவது வயிறு வலித்தால், தொலைபேசியில் டாக்டரைக் கூப்பிட்டு எந்த எண்ணில் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் உட்கார்ந்திருப்பார். நம் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இன்ன எண் மருந்தை எடுத்துக் கொடு என்பார். மருந்துக்கும் எண்தான். என் மகன் கவினுக்கு நான்கு வயது. கதவில் இருப்பவனுக்கு அவன் வைத்த பெயர் நம்பர் அங்கிள். தினமும் பால் குடிக்கும் முன் அவனுக்குக் காலை வணக்கம் சொல்கிறான். முதல் மாதம் எனக்கு அந்தப் படத்தைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

மலேசியாவில், என் ஊரான மலாக்காவில் இருப்பவர்களுக்கு நான் இருக்கும் இடத்தைப் புரியவைக்க முயன்று தோற்றுவிட்டேன். ஆஸ்திரேலியா என்றதும் எல்லோருக்கும் கடற்கரையும் கங்காருவும்தான். நாங்கள் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே ஒரு மாட்டுப்பண்ணையில். அதை ஸ்டேஷன் என்கிறார்கள். ரயில் கிடையாது, பேருந்து கிடையாது, மழைக்காலத்தில் சாலையும் கிடையாது. என் கணவர் கதிர் மலாக்காவின் குருபோங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் டீசல் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது பண்ணையின் லாரிகளையும் ஜெனரேட்டர்களையும் பார்த்துக்கொள்கிறார். "அங்க க்ளினிக் கூட இல்லையாமே லா?" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். கேள்வியில் கவலை கொஞ்சம், சந்தோஷம் நிறைய. க்ளினிக் இல்லை, விமானத்தில் டாக்டர் வருவார் என்று பதில் போட்டால், சிரிக்கும் முகங்களாக வரிசையாக வரும். "டத்தோ வீட்டு மருமகளா நீ?" என்று, ராஜா கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களை இழுத்து ஒரு சித்தப்பா எழுதினார். அதற்கு இரண்டு நாள் எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள்.

அவர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. இங்கே இருப்பவர்கள் மேலும் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. பண்ணை மேலாளரின் மனைவி ஷெரில்தான் எனக்கு ஒரே அண்டை வீடு. மலாக்கா இந்தோனேசியாவில் இருக்கிறது என்று அவள் இன்னமும் நம்புகிறாள். மூன்று முறை திருத்திவிட்டேன். நாயைக் கட்டிலில் படுக்கவைப்பாள், பிள்ளைகளைக் காலில் செருப்பில்லாமல் முள்ளில் விடுவாள். யாருக்கு என்ன ஆனாலும் சரியாகிவிடும் என்று தோளைக் குலுக்குவாள். இந்த விமான டாக்டர் சேவைக்கு நன்கொடை சேர்க்க ஆண்டுக்கு ஒருமுறை கேக் சுட்டு விற்கிறார்கள். ஆகாயத்திலிருந்து மருத்துவம் இறங்கும் நாட்டில் அதற்குக் கேக் விற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேக்கும் வாயில் வைக்க முடியாத தித்திப்பு.

நான் பிறந்தது கோலா சுங்கை பாருவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில். தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவரை டிரசர் என்போம். அவர் டாக்டர் இல்லை, ஆனால் எம்.சி. என்னும் நோய் விடுப்புச் சீட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். நோயாளியின் நாக்கைப் பார்க்கும் முன் சட்டையைப் பார்ப்பார். வேலைக் காட்டிலிருந்து அப்படியே போனால், "வேலைக்குப் போகத்தான் சோம்பேறித்தனம், குளிக்கவுமா?" என்று வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி கேட்பார். அதனால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சலோ வாந்தியோ, பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைசீவி, முகத்திலும் மார்பிலும் பவுடர் பூசி, பெருநாள் சட்டை போட்டுத்தான் மருந்தகத்துக்குத் தூக்கிப் போவார்கள். நோயைச் சொல்லும்போதும் குறைத்துச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னால் நடிப்பு என்பார். "லேசா காய்ச்சல்தாங்கய்யா" என்றால் ஒரு மாத்திரையாவது கிடைக்கும். அந்த மருந்தகம் மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழக்கம் மட்டும் தாமான் என்னும் நகரக் குடியிருப்புகளுக்கும் கார் வைத்திருப்பவர்களின் வீட்டுக்கும் கூடவே குடிபோய்விட்டது.

எனக்குப் பதினைந்து வயதில் அப்பாவுக்கு ஒரு காலை நெஞ்சு வலித்தது. காட்டிலிருந்து பாதி வேலையில் திரும்பி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வேன்கார அண்ணன் ஓடிவந்து, "ஆம்புலன்ஸக் கூப்பிடவா அக்கா?" என்றார். "வேணாம் லா. சத்தம் போட்டுக்கிட்டு வந்தா தோட்டமே வேடிக்கை பாக்கும்," என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம், "இந்த மூஞ்சோடவா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவீங்க? டாக்டருங்க என்னா நெனைப்பாங்க? செரைச்சுக்கிட்டு வாங்க," என்றாள். அப்பா எழுந்து போனார். குழாயடியில் உட்கார்ந்து, கண்ணாடியை என்னைப் பிடிக்கச் சொல்லி, சவரம் செய்துகொண்டார். கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். மலாக்கா நகருக்குள் நுழையும் தெங்கேராவில் வாகன நெரிசலில் வேன் நின்றபோது என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கன்னத்தில் சோப்பு வாசனை அடித்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் ஊரில் எல்லாமே பக்கத்தில்தான். "பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்காரு," என்று சாவு வீட்டில் ஒருவர் சொன்னார். அம்மாவுக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. படித்து முன்னேறி இந்தக் கூட்டத்திலிருந்து வெளியேறிவிட்டேன் என்றுதான் விமானம் வந்த நாள்வரை நினைத்திருந்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில் கவினுக்குச் சளி பிடித்தது. இரண்டாம் நாள் மூச்சில் விசில் சத்தம். சாலை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. கதிர் பண்ணையின் மறுகோடியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் டாக்டரைக் கூப்பிட்டேன். சட்டையைத் தூக்கி விலாவைப் பாருங்கள், மூச்சு இழுக்கும்போது எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போகிறதா என்று கேட்டார். போனது. "கொஞ்சம்தான் டாக்டர். தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்களுக்கு எதுவும் பயமாக இருக்கிறதா?" என்றார். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது. அன்று என் காதில் விழுந்தது டிரசரின் குரல். "இல்லை டாக்டர், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை," என்றேன். சரி, பெட்டியிலிருந்து இன்ன எண் மருந்தைக் கொடுத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருங்கள், மோசமானால் உடனே கூப்பிடுங்கள் என்றார். நன்றி என்று இரண்டு முறை சொன்னேன். எவ்வளவு பண்பான பெண் என்று அவர் நினைத்திருப்பார்.

முட்டை வாங்க வந்த ஷெரில் கவினைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்தாள். "இந்தப் பையன் விலாவை இழுத்து மூச்சு விடுகிறான். அவன் அம்மா ரொம்ப மரியாதைக்காரி, அவள் சொன்னதை நம்பாதீர்கள். வாருங்கள்," என்றாள். விமானம் கிளம்பிவிட்டது என்று பதில் வந்ததும், ஓடுதளத்தில் நிற்கும் கங்காருக்களையும் மாடுகளையும் விரட்ட வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். செம்மண்ணில் மழைக்குத் தாங்கும்படி மேடாக்கிய ஒரு நீளப் பட்டைதான் எங்கள் ஓடுதளம். விமானம் வருகிறது என்றால் யாராவது ஹாரன் அடித்துக்கொண்டு அதில் மேலும் கீழும் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை வெந்நீரில் துடைத்தேன். தலைசீவினேன். தீபாவளிச் சட்டையைத் தேடி எடுத்தேன். முகத்திலும் மார்பிலும் பவுடர் பூசினேன். கை தானாகச் செய்தது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. யோசித்துத்தான் செய்தேன். அவ்வளவு பெரிய விமானம் நமக்காக வருகிறது, பிள்ளை பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன்.

விமானத்திலிருந்து இறங்கிய நர்ஸ் முழங்கை வரை பச்சை குத்திய ஓர் இளைஞன். கவினின் மார்பில் இதயத் துடிப்பைப் பார்க்கும் கம்பி ஒட்டுவதற்காக ஒரு வட்டப் பசைத்தாளை வைத்தான். ஒட்டவில்லை. இன்னொன்று வைத்தான். அதுவும் விழுந்தது. பிள்ளையின் முகநிறத்தைப் பார்க்கக் குனிந்தவன், விரலால் கன்னத்தைத் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தான்.

"இது என்ன மருந்து?"

"மருந்து இல்லை. பவுடர்."

"எதற்காக?"

"உங்களுக்காக," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஈரத்துணியால் பிள்ளையின் முகத்தையும் மார்பையும் அழுத்தித் துடைத்தான். பவுடருக்கு அடியில் உதடு நீலமாக இருந்தது. பசைத்தாள் இப்போது ஒட்டியது. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தெரிந்த பழைய உலகத்தில் இருந்திருப்பேன். ஆக்சிஜன் முகமூடியோடு கவினை ஏற்றினார்கள், என்னையும் ஏற்றினார்கள். கீழே ஷெரில் வெறுங்காலோடு நின்று கையசைத்தாள். ஒரு வாரத்தில் பிள்ளையோடு திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு மாதாந்தர மருத்துவ முகாமுக்கு விமானம் வரும்போதெல்லாம், கவின் ஷெரிலின் வண்டியில் ஏறிக்கொள்வான். ஜன்னலுக்கு வெளியே கைதட்டி, "மூவ்! மூவ்!" என்று கங்காருக்களை விரட்டுவது அவன் வேலை.

இந்தத் தீபாவளிக்குக் குருபோங்கில் கதிரின் பெற்றோர் வீட்டுக்கு வந்தோம். கதிருக்கு லீவு இல்லை, நானும் கவினும் மட்டும். வந்த முதல் நாளே அத்தை ஆரம்பித்துவிட்டார். "பிள்ளைய இங்க விட்டுட்டுப் போ லா. பள்ளிக்கூடம் போறவரைக்கும் நான் பாத்துக்கறேன். நம்ம தாமானச் சுத்தி எத்தன க்ளினிக்! ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்." மாமாவும் தலையாட்டினார். கதிரோ போனில், "நீயே முடிவு பண்ணு," என்றார். ஆண்கள் பெருந்தன்மையாகத் தப்பிக்கும் வழி அது. அத்தை சொல்வது தப்பென்று எனக்கு உறுதியாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கு மூச்சுத் தொல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சாலை மூழ்கும். இரண்டு இரவு அவன் மார்பில் காதை வைத்துக்கொண்டு யோசித்தேன். விட்டுவிட்டுப் போவதுதான் நல்ல தாய் செய்வது என்று பாதிக்கு மேல் வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் வீடு நிறைய விருந்தாளிகள். பட்டாசுப் புகையோ என்னவோ, கவினுக்கு விசில் தொடங்கியது. அன்று பெரிதாக ஒன்றுமில்லை, க்ளினிக்கில் நெபுலைசர் வைத்ததும் சரியாகிவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷத் தூரத்துக்குக் கிளம்ப எங்களால் முடியவில்லை. மாமாவின் காருக்குப் பின்னால் விருந்தாளிகளின் கார்கள் நின்றன. "சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, எப்படி லா எழுப்புறது?" என்றார் மாமா. "கொஞ்சம் பொறு, ஆளுங்க போகட்டும். லேசாத்தானே இழுக்குது," என்றார் அத்தை. பிறகு, "இப்படி பனியனோடவா தூக்கிட்டுப் போவே? நாலு பேரு பாக்கற எடம்," என்று பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தார். அவர் கையில் பவுடர் டப்பா.

அந்த டப்பாவைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். மூடி கழன்று கார் நிறுத்தும் போர்ச் முழுக்க வெள்ளையாகக் கொட்டியது. முறுக்கு கடித்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

"பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார் அத்தை.

"இவன் இங்க இருக்க மாட்டான் அத்தை. என்னோடயே வரான்."

"டாக்டர் இல்லாத காட்டுக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். போனில் வாடகைக் காரை அழைத்துவிட்டு, பனியனோடு இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லோரோங்கில், வீட்டு முன் வீதியில், வந்து நின்றேன்.

அப்போது விமான நிலையம் இருக்கும் பத்து பெரண்டாம் பக்கத்திலிருந்து ஒரு சின்ன விமானம் தாழ்வாக வந்தது. கவின் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே வீதியின் நடுவுக்கு ஓடி, கைதட்டி, "மூவ்! மூவ்!" என்று கத்தினான். குப்பைத்தொட்டி ஓரத்தில் படுத்திருந்த பூனைகள் சிதறின. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் திகைத்துப் பிரேக் போட்டான். போர்ச்சில் விருந்தாளிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். விமானம் இறங்க இந்த வீதி போதாது என்று எனக்குத் தெரியும். குறுக்கே மின்கம்பிகள், இருபுறமும் விருந்தாளிகளின் கார்கள். ஒரு பூனை மட்டும் நடுவீதியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கவின் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் போய், எல்லோரும் பார்க்க, அந்தப் பூனையைக் கைதட்டி விரட்டினேன். விமானம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.