டியூபைத் திறந்த மேடம்

அடையாறில் நான் பெருக்கித் துடைக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு மேடம் இருந்தார். ஒல்லியான உடம்பு, முன்னால் நரைத்த முடி. அவருக்குக் கூரியரில் சுண்டுவிரல் நீளத்துக்கு டியூப் வரும். உள்ளே மெஷினில் செய்த டிஎன்ஏ, கண்ணுக்கே தெரியாத தூள். மெஷினில் வைத்துச் சுழற்றி அடியில் இறக்காமல் திறந்தால் பறந்துவிடும் என்று எல்லோரையும் திட்டுவார்.

ஒருநாள் வந்த டியூபை அவரே அப்படியே திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் உறைத்தது. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா மேடம், காலியாத்தானே கீது?”

“போயிடுச்சுக்கா. என் பையன் ஜீன்ல இருந்த கோளாறு இது. அவன் போயிட்டான், டெஸ்டுக்கு எடுத்த ரத்தமும் மிச்சமில்ல. அவன் ரிப்போர்ட்ட கம்பெனிக்கு அனுப்பி, அதே மாதிரி செய்யச் சொன்னேன். இத வச்சுத்தான் மத்த குழந்தைங்களுக்கு எடுக்கிற டெஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்.”

“இப்ப இன்னா மேடம் பண்றது?”

“திரும்ப ஆர்டர் போட்டா வரும். எத்தன தடவ வேணாலும் வரும்.”

சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்.

நான் மாப்பை எடுத்தேன். “இங்க தொடைக்கட்டா மேடம்?”

“தொடைங்கக்கா” என்றார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவரைச் சுற்றித் துடைத்துவிட்டு வந்தேன்.